மணல் கொதிக்கும் இடம்

கடலடியில் மணல் புகைந்தால் கீழே திருக்கை புதைந்து கிடக்கிறது என்று பாசி எடுக்கும் பெண்கள் விலகிப் போவார்கள். நம்புத்தாய் இன்று முக்குளிக்கும் கண்ணாடியை மாட்டிப் பாசியைத் தேடி மூழ்கியவள், தெரியாமல் அப்படிப் புகைந்த இடத்தின் மேலேயே போய்விட்டாள். திருக்கை இல்லை. உலைபோல மணல் ஓயாமல் கொதித்துக்கொண்டிருந்தது. கை வைத்தால் சில்லென்றிருந்தது. வாய் வைத்தாள்.

குடிதண்ணீர் கேன் கவிழ்ந்துபோனதில் நா வறண்டு வள்ளத்தில் சுருண்டிருந்த மதினி, அவள் விருட்டென்று மேலே வந்ததைப் பார்த்து, "ஏத்தா, திருக்கை குத்திருச்சா?" என்றாள்.

கன்னம் உப்ப எழுந்த நம்புத்தாய், மதினியின் உள்ளங்கையைக் குழித்து, வாயிலிருந்ததை அதில் விட்டாள்.

மதினி பயந்துகொண்டே நாக்கை வைத்தாள். "நல்ல தண்ணியால்ல இருக்கு இது" என்றாள் மெதுவாக. பிறந்ததிலிருந்து பார்த்த கடலைப் புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு ஈரக் கையை நீட்டினாள்.

"கண்ணாடியக் கழட்டிக் குடு."