சம்பூ வீட்டுக் கருவி

மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர்க் கேன் இழுத்து இழுத்து என் தோள் கழன்றுவிடும்போல் வலித்தது. ஆனாலும் உலான்பாத்தர் நகர அலுவலகத்துக்குப் போனேன். முப்பது நாள் புகை அளவு விடாமல் பதிவானால், என் மகளை இருமவைக்கும் பள்ளிக்கூட உலையை மூடுவதாகச் சொல்லியிருந்தார்கள். மைனஸ் நாற்பது குளிரில், எங்கள் தெரு வீடுகளில் மாட்டியிருந்த புகை அளக்கும் கருவிகள் மூன்றாம் வாரமே செத்திருந்தன.

"ஜெயிச்சிட்டீங்க, துல்மா அக்கா! சம்பூ வீட்டுக் கருவி முப்பது நாளும் அனுப்பியிருக்கு," என்றான் எழுத்தர்.

"அவரு குளிருக்கு முன்னாடியே செத்துட்டாருப்பா."

"உயிரோட இருக்கிற நீங்க அனுப்பலையே!"

பக்கத்து வீட்டுக்காரர் சம்பூ செத்தபின் அவர் வாழ்ந்த கூடாரத்தை நாங்கள் பிரித்தபோது அந்தக் கருவியைக் கழற்றி என் பெட்டியில் வைத்ததே நான்தான்.

உலையை அணைத்தார்கள். தெருவே நன்றிப் படையலாக வானத்துக்குப் பால் தெளித்துக் கூத்தாடியது. சம்பூவின் கூடாரம் இருந்த வட்டத்தில் மட்டும் பனியில்லை, அடியில் அடுப்பு எரிவதுபோல் மண் சுட்டது. போன குளிருக்கு அவரிடம் கடன் வாங்கிய இரண்டு மூட்டை நிலக்கரியை நான் இன்னும் கொடுக்கவில்லை.