மூன்று பை சிராப்

வகுப்பு முடிந்தது. பிரெட்ரிக் மட்டும் சவாசனத்திலிருந்து எழவில்லை.

“நாலு மணிக்கே ஃபேக்டரி பஸ் எடுக்கிற மனுஷன், டீச்சர். கொஞ்ச நேரம் குறட்டை விடட்டும்,” என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரித்தபடி பாய்களைச் சுருட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள்.

குறட்டை வரவில்லை. தேன்மொழி அவர் தோளைத் தொட்டாள், பிறகு உலுக்கினாள். கண்கள் பாதி திறந்தன. அவை அவளைப் பார்க்கவில்லை.

அவர் பையில் சர்க்கரை பார்க்கும் மிஷின் இருந்தது. அவள் திருச்சியில் பதினோரு வருடம் சர்க்கரை நோயாளிகளுக்கு யோகா சொல்லிக்கொடுத்தவள். விரலைக் குத்த அவளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. எண் வந்தது. திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

அறுபதுக்கு இறங்கியவர்களை அவள் தேற்றியிருக்கிறாள். நாற்பதுக்கு இறங்கிய ஒருவர் பிழைக்கவில்லை. இது அதற்கும் கீழே.

“அண்ணே, சர்க்கரை. எங்கேயிருந்தாவது சர்க்கரை கொண்டு வாங்க.”

மண்டபக் காவலாளி அய்யாவு நாற்காலியைக் கீழே வைத்தார். “சீனியா?”

“சீனி, ஜூஸ், இனிப்பா எதுன்னாலும். ஆம்புலன்ஸுக்கும் சொல்லுங்க.”

அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டே ஓடினார்.

வெறும் வயிற்றோடு வரச் சொன்னது அவள்தான். பத்து நாளைக்கு முன், திருச்சியிலிருந்து இந்தக் கூலாய் ஊருக்கு வந்து இறங்கிய மறுநாள், முதல் வகுப்பில் சொன்னாள். மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்றும் சொன்னாள். மாத்திரை, வெறும் வயிறு, முக்கால் மணி நேர ஆசனம். எப்படி இறங்காமல் இருக்கும்?

அய்யாவு திரும்பி வந்தார். கையில் சிராப் என்ற சிவப்புச் சர்பத், பிளாஸ்டிக் பையில் கட்டி, நடுவில் ஸ்ட்ரா குத்தியிருந்தது. “ரெண்டு பங்கு சீனி போடச் சொன்னேன். கடைக்காரன் யாருக்குடா இதுன்னு முறைக்கிறான்.”

பிரெட்ரிக்கால் உறிஞ்ச முடியவில்லை. தலையை மடியில் தூக்கி வைத்து, பையின் மூலையைக் கிழித்து, வாயோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். விழுங்கினார். பை காலியாகும்வரை விழுங்கினார்.

“இன்னொண்ணு, அண்ணே.”

“ரெண்டு வாங்கியாரேன்.”

பாயின் மேல் கிடந்த பிரெட்ரிக்கின் போன் அதிர்ந்தது. திரையில் ஐலீன் என்று இருந்தது. அவர் மனைவி.

“என்னாங்க, வகுப்பு முடிஞ்சிச்சா? மொதல்ல போய்ச் சாப்பிடுங்க.”

தேன்மொழி யாரென்று சொன்னாள். என்ன நடந்தது என்று சொன்னாள்.

மறுமுனையில் ஹாரன் சத்தம் கேட்டது. “நான் காஸ்வே பாலத்துல நிக்கிறேன், டீச்சர். சிங்கப்பூர் போற பஸ்ஸு. முன்னயும் போவல, பின்னயும் போவல.” குரல் உடைந்தது. “காலையில பேசிக்கிட்டுத்தானே இருந்தாரு. ராத்திரி பூரா தண்ணி தண்ணின்னு எழுந்தாரு, அவ்வளவுதான்.”

“அக்கா, சர்க்கரை ரொம்ப இறங்கிப்போச்சு.”

“எறங்கிருச்சா? அவருக்கா?” என்றாள் ஐலீன். “அப்ப யோகா வேல செஞ்சிருக்கு லா.”

தேன்மொழி போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அவர் கன்னத்தைத் தட்டினாள்.

“எப்படியாவது எழுப்பிடுங்க, டீச்சர். எனக்கு அவர விட்டா யாரு இருக்கா?”

அய்யாவு கொண்டுவந்த இரண்டாவது பையும் தீர்ந்தது. பிரெட்ரிக்கின் மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வந்தது. அவள் சொல்லிக்கொடுத்த மூச்சுப் பயிற்சியை அவர் தூக்கத்தில் செய்வதுபோல் இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். இமை அசையவில்லை.

மிஷினின் டப்பியில் ஒரே ஒரு சோதனைப் பட்டை மிச்சம். அவள் விரல்கள் சிராப்பில் பிசுபிசுத்தன. அவற்றைச் சேலையில் தேய்த்துத் துடைத்தாள். அவர் விரலையும் துடைத்துக் குத்தினாள். ஐந்து நொடி.

ஏறியிருந்தது. கொஞ்சம்தான், ஆனால் ஏறியிருந்தது.

“ஏறுது, அண்ணே.” அவள் அழுதாள். “ஏறுது. அதையும் குடுங்க.”

“மாரியாத்தா,” என்றார் அய்யாவு. மூன்றாவது பையின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார்.

அதில் பாதி உள்ளே போனபோது ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தவரின் சட்டையில் லெட்சுமணன் என்று இருந்தது. அவர் மண்டியிட்டு நாடியைப் பிடித்தார். குனிந்து மூச்சை முகர்ந்தார்.

“சீனி எவ்வளவு காட்டுச்சு?”

“மொதல்ல இருபத்தி நாலு. ரெண்டரைப் பை சிராப் குடுத்து இருபத்தி ஆறுக்கு ஏத்தியிருக்கேன்.” அவள் பையை மறுபடி பிரெட்ரிக்கின் வாயருகே கொண்டுபோனாள். “இன்னும் இருக்கு. இதையும் குடுத்துட்டா—”

லெட்சுமணன் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பையை வாங்கித் தள்ளி வைத்தார். தரையில் கிடந்த காலிப் பைகளைப் பார்த்தார், பிறகு அவள் முகத்தை.

“டீச்சர் இந்தியாவா?”

“திருச்சி. ஏன்?”

அவர் பிரெட்ரிக்கை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றினார். ஸ்ட்ரெச்சரின் பட்டையை இறுக்கிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“இங்க மிஷின் வேற கணக்கு, டீச்சர். ஏழுக்கு மேல போனாலே சீனி கூடிப்போச்சுன்னு அர்த்தம்.”