மடக்குக் குடை

"இதெல்லாம் உளியா? பழைய இரும்புக்காரன்கூட எடுக்க மாட்டான்!"

சங்கத் தலைவர் சொன்னதும் ஹாலே சிரித்தது. பொழுதுபோக்குக்கு மரம் செதுக்குகிறவர்களின் சங்கம். செதுக்குவது சுமார்தான். சிரிப்பதில் கெட்டி.

போன வருஷம் வரை போட்டிக்கு வீட்டில் செதுக்கிக் கொண்டுவந்து வைத்தால் போதும். இந்த வருஷம் எல்லார் கண்முன்னும் செதுக்கவேண்டும். தலைவர் போட்டியில் இல்லை. நடுவர் ஆகிவிட்டார்.

மேஜைமேல் பழைய பேன்ட்டின் ஒரு கால் விரிந்து கிடந்தது. அதில் ஏழு உளிகள். ஒன்று ரம்பத் துண்டில் தீட்டியது. ஒன்று காங்கிரீட் ஆணி. ஒன்று குடைக்கம்பி. எல்லாவற்றுக்கும் தடித்த பிடி, மேலே சைக்கிள் டியூப் சுற்று.

கொண்டுவந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்.

"எல்லாம் நானே செஞ்சது சார்."

"பார்த்தாலே தெரியுது. கம்பெனி உளி இல்லாம போட்டியில உக்கார முடியாது."

"விதியில அப்படி இல்லையே?"

"இப்பப் போட்டாச்சு."

பேர் எழுதிக்கொண்டிருந்த தலைவரின் மனைவி குடைக்கம்பி உளியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"நீளக் குடையா, மடக்குக் குடையா?"

"நீளக் குடைம்மா. மடக்குக் குடைக் கம்பி மொத இழுப்புலயே வளைஞ்சிடுது."

"உனக்கெதுக்கு அந்த ஆராய்ச்சி? பேரை மட்டும் எழுது" என்றார் தலைவர்.

டிரைவர் வலது கையை நீட்டினார். கட்டைவிரல் மடங்கவில்லை.

"விபத்து. மெல்லிசுப் பிடி இந்தக் கையில நிக்காது. நாலு மாசமா இதுங்கள வெச்சுத்தான் ஒரே குருவியைச் செதுக்கிப் பழகியிருக்கேன். இதை விட்டா எனக்கு வேற வழி இல்ல சார்."

"அனுதாபத்துக்கெல்லாம் பரிசு கிடையாது."

"பரிசு யார் கேட்டா? உக்கார இடம் கேட்டேன்."

"கிடையாது. கிளம்புங்க."

"மாட்டேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேவிட்டார்.

தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. தன் வெல்வெட் பெட்டியைத் திறந்தார். பன்னிரண்டு வெளிநாட்டு உளிகள், பளபளவென்று.

"உளின்னா இது! போன வருஷம் முதல் பரிசு வாங்கின என் ஆந்தையை எதுல செதுக்கினேன்னு நினைச்சீங்க?"

கண்ணாடி அலமாரிக்குள்ளிருந்து ஆந்தை முழித்தது.

டிரைவர் ஒரு உளியை எடுத்தார். முனையை நகத்தால் சுரண்டினார். மெல்லிய தோல்போல ஏதோ சுருண்டு வந்தது.

"சார், இது கம்பெனியில துருப்பிடிக்காம இருக்கப் பூசின வார்னிஷ். ஒரு இழுப்பு இழுத்தாலே போயிடுமே."

இரண்டாவதை எடுத்தார். அதிலும் வார்னிஷ். மூன்றாவதிலும்.

"பன்னிரண்டும் இன்னும் மரத்தைப் பார்க்கவே இல்லையே சார்!"

ஹாலில் எல்லாரும் வெல்வெட் பெட்டியை எட்டிப் பார்த்தார்கள்.

"அது... ஆந்தைக்கு வேற செட்" என்றார் தலைவர்.

"அது எங்க?"

"இங்க" என்றார் மனைவி.

பேனாவை மூடினார். கைப்பையிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்தார். கண்ணாடி இல்லை. விரல் நீளத்தில் நாலு உளிகள். பிடியெல்லாம் கைபட்டுக் கறுத்திருந்தன.

"என்ன பண்ற? எழுந்திரு, வீட்டுக்குப் போகலாம்" என்று பல்லைக் கடித்தார் தலைவர்.

"நீங்க போங்க. அவர் பேரையும் எழுதிட்டேன், என் பேரையும் எழுதிட்டேன். வெளியே அனுப்புறதா இருந்தா ரெண்டு பேரையும் சேர்த்தே அனுப்புங்க."

மனைவி டிரைவருக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு கட்டையைக் கையில் எடுத்தார்.

"மடக்குக் குடைக் கம்பி வளையாதுங்க. சிவக்கக் காய்ச்சி எண்ணெயில முக்கணும். அந்த ஆந்தையோட இறகு பூரா மடக்குக் குடைதான்."