பைலி போட்ட வாழைத்தண்டுச் சட்டம்

எடத்துவா தேவாலயத்துப் புண்ணியவாளன் மேல் சத்தியம். போதாது என்றால் என் வாயில் மிச்சமிருக்கும் மூன்று பல் மேலும் சத்தியம். இதுவரை நான் சொன்ன கதைகளில் கொஞ்சம் கூடக்குறைய இருந்திருக்கலாம். இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

பைலி எங்களைத் திருடர்கள் என்றான். அதுவும் காலைப் படகுக்கு ஊரே துறையில் காத்து நிற்கும்போது.

நாங்கள் நாலு பேர். அவுதக்குட்டி நான். கள்ளுக்கடை பைலி, படகு ஓட்டி ஓய்வுபெற்ற திவாகரன், வாத்து மேய்க்கும் குட்டப்பன். படகுத்துறைக்குப் பின்னால் உள்ள ஓலைக் கொட்டகையில் தினமும் இருபத்தெட்டு என்கிற சீட்டாட்டம் ஆடுவோம். பந்தயக் காசு கிடையாது. தோற்றவன் ஈர்க்குச்சியில் கோத்த தென்னங்குரும்பையைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். காசு போனால் வெளியே தெரியாது. காதில் குரும்பை ஆடினால் படகில் போகிற குழந்தைகூடக் கைகொட்டிச் சிரிக்கும்.

என் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வள்ளங்களிப் படகுப் போட்டியில் இந்தக் கை துடுப்புப் போட்டால் வள்ளம் நகராது. ஆறுதான் பின்னால் ஓடும். அப்பேர்ப்பட்ட கை, சில மாதமாக விடிந்தால் மரக்கட்டையாகக் கிடக்கிறது. விரல் மொளியெல்லாம் வீக்கம். சட்டைப் பொத்தானை என் பெண்டாட்டி ஏலியாம்மாதான் போட்டுவிடுகிறாள்.

முடக்குவாதம் என்றார் ஆலப்புழை டாக்டர். “உங்க உடம்புக்குக் காவல் நிக்கிறதே உங்களைத் திருடன்னு நினைச்சு அடிக்குது, அச்சாயா. மருந்து பிடிக்கக் கொஞ்ச நாளாகும்.”

இதைச் சிநேகிதர்களிடம் சொல்ல முடியுமா? குளவி கொட்டிவிட்டது என்றேன்.

“மாசக்கணக்கா கொட்டுதே, அந்தக் குளவிக்குக் குடும்பம் குட்டி கிடையாதா?” என்றான் திவாகரன்.

ஒருநாள் ஆட்டத்தின் நடுவே எட்டுச் சீட்டும் என் விரலிலிருந்து நழுவி மல்லாக்க விழுந்தன. மூன்று பேரும் சட்டென்று ஆற்றைப் பார்த்தார்கள். ஆற்றில் ஒன்றுமே இல்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன்: “இன்னொரு தடவை விழுந்தா, அப்புறம் நான் அங்க போகலடி.”

“போகாம? இங்க உக்காந்து என் உசிரை வாங்கவா?” என்றாள். சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த ஆட்டமும் போனால் நான் கட்டிலோடு போய்விடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள்தான் பைலி கத்தினான்.

“எல்லாம் திருட்டுப் பயலுங்க! கைக்குள்ளயே சீட்டை மாத்துறீங்க. இனிமே எவனும் சீட்டைக் கையில பிடிக்கக் கூடாது!”

வாழைத்தண்டுத் துண்டு ஆளுக்கொன்று வைத்தான். நடுவில் கத்தியால் கீறியிருந்தது. சீட்டை அதில் செருகி நிறுத்த வேண்டுமாம்.

“கலைக்கிறதும் போடுறதும் நான் மட்டும்தான். உங்க கையை நம்ப மாட்டேன்.”

குட்டப்பன் எகிறினான். “கள்ளுல தண்ணி ஊத்தி வித்தவன் உங்கப்பன். நீ எங்களைத் திருடன்கிறியா?”

“அதைக் குடிச்சது உங்கப்பன்தானே? ஒருநாளும் குறை சொன்னதில்லையே!”

எனக்கும் ரத்தம் கொதித்தது. ஆனாலும் உட்கார்ந்தேன். சீட்டு அசையாமல் நின்றது. வேண்டியதை ஒற்றை விரலால் சாய்த்தால் போதும். அன்று ஒரு சீட்டும் விழவில்லை. நான் தோற்றபோது பைலி இரக்கமில்லாமல் தன் கையாலேயே என் காதில் குரும்பையைத் தொங்கவிட்டான்.

அதன்பிறகு தினமும் இதே சட்டம், இதே ஏச்சு. நானும் சளைக்காமல் ஊரெல்லாம் பைலியைத் திட்டித் தீர்த்தேன். சந்தேகப் பேய், சொந்த நிழலையே சோதனை போடுகிறவன் என்று.

ஒருநாள் துறையில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டதால், பின்பக்க வரப்பில் குறுக்கு வழியாக நடந்து சீக்கிரமே போய்ச் சேர்ந்தேன். ஓலை இடுக்கில் பார்த்தால், மூன்று பேரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். சீட்டு அவரவர் கையில் விசிறியாக விரிந்திருந்தது. குட்டப்பன் கலைத்துப் போட்டான். பைலி வாயே திறக்கவில்லை. வாழைத்தண்டெல்லாம் ஈரச்சாக்குப் போர்த்தி மூலையில் கிடந்தன.

திவாகரன் துறைப் பக்கம் எட்டிப் பார்த்தான். “அவுதன் வர்ற நேரமாச்சு. தண்டை எடுத்து வையுங்கடா.”

“இன்னிக்கு யாருடா சண்டையை ஆரம்பிக்கிறது?” என்றான் பைலி.

“நான்தான்,” என்றான் குட்டப்பன். “உங்கப்பனை ரொம்பச் சொல்லியாச்சு. மாமனாரை இழுக்கட்டுமா?”

“இழு. ஆனா சத்தமா இழு. அவனுக்குச் சந்தேகம் வந்துடக் கூடாது.”

வந்த வழியே திரும்பினேன். கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. அந்தக் குளவிதான், வேறென்ன.

கரையோடு சுற்றிக்கொண்டு துறைப் பக்கமாக நடந்து வந்து, தூரத்திலேயே பலமாக இருமினேன். கொட்டகைக்குள் தடதடவென்று சத்தம். அப்புறம் பைலியின் குரல்: “வாடா, திருட்டுப் பயலே!”

என் பெயர் அவ்வளவு இனிமையாக அதுவரை என் காதில் விழுந்ததில்லை.

இப்போது மருந்து மெல்லப் பிடிக்கிறது. மேல் பொத்தானை நானே போட்டுக்கொள்கிறேன். ஆனாலும் தினமும் தூரத்திலிருந்தே இருமிக்கொண்டுதான் போகிறேன். தண்டை எடுத்து வைக்க அவர்களுக்கும் நேரம் வேண்டாமா?

இதை நான் சொன்னதாக மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். தெரிந்தால், பைலி பாடுபட்டுச் சம்பாதித்த கெட்ட பேர் கெட்டுப்போகும்.