குப்பை வண்டிப் பாட்டு

ஊரே முணுமுணுக்கும் காதல் பாட்டின் மெட்டில், மக்கும் குப்பையைப் பிரித்துக் கொடுங்கள் என்று பாடிக்கொண்டுதான் காலையில் குப்பை வண்டி வரும். அதைப் பாடிப் பதிவு செய்து கொடுத்தவள் செலின். போன மாதம் காய்ச்சலில் போய்விட்டாள். அவளுடைய அம்மா அமலோற்பவம் வெங்காயத் தோலைக்கூட ஒவ்வொன்றாகத்தான் போடுவாள். அதுவரைக்கும் வண்டி நிற்குமே.

"கூடையோட கவுத்துங்கக்கா. உங்களுக்குன்னு தனி வண்டியா விடுவாங்க?" என்பாள் வண்டி ஓட்டும் பேச்சியம்மாள்.

இன்று அவளே தயங்கிச் சொன்னாள்: "நாளையிலருந்து வேற பாட்டாம்க்கா. வேற பிள்ள பாடியிருக்காம்."

கூடை காலியாகிவிட்டது.

"நில்லு தாயி, இன்னும் இருக்கு." உள்ளே ஓடிய அமலோற்பவம், அப்போதுதான் வடித்த சோற்றைப் பானையோடு தூக்கி வந்தாள். ஆவி பறந்தது.

பேச்சியம்மாள் இன்ஜினை நிறுத்தினாள், பாட்டை நிறுத்தவில்லை.

அமலோற்பவம் முதல் பருக்கையை எடுத்துப் போட்டாள்.