இரண்டு எழுத்து

சீட்டைப் பிரித்தபோது அதில் இரண்டே எழுத்துகள் இருந்தன.

இரு.

சலேத்மேரி கையை மூடிக்கொண்டாள். மறுபடியும் திறந்து பார்த்தாள். கையெழுத்து அவளுடையதுதான். ஆனால் அந்தச் சொல்லை அவள் எழுதவில்லை.

புத்தாண்டுக் காலைப் பூசை முடிந்து, நற்கருணைக்கு முன் பத்து நிமிடம் மௌனமாக முழந்தாளிட்டுவிட்டு, ஒவ்வொருவராகக் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் போய் மூங்கில் தட்டிலிருந்து ஒரு சீட்டு எடுப்பது அந்தப் பங்கில் மூன்று வருடப் பழக்கம். ஒரு சீட்டுக்கு ஒரு சொல். வருடம் முழுக்க அந்தச் சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டு செபிக்க வேண்டும். பங்குச்சாமியார் தாளில் எழுதித் தரும் சொற்களை அட்டையில் எழுதி, நறுக்கி, மடித்துக் கொடுப்பது சலேத்மேரியின் வேலை. அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பதினைந்து வருடமாகத் தையல் கடை வைத்திருப்பவள். அவள் கத்தரிக்கோல் கோட்டைத் தாண்டியதில்லை.

'இரு' என்று ஒரு சீட்டை நாமே எழுதிச் சேர்த்துவிடலாமா என்று நேற்று மதியம் தோன்றியது உண்மை. பேனாவைக்கூட எடுத்தாள். பிறகு பயந்துபோய் மூடி வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை திருச்சியிலிருந்து விமானம். கணவர் சூசைமாணிக்கம் குவைத்தில் பதினான்கு வருடம் இருந்துவிட்டு, இனி போவதில்லை என்று இரண்டு வருடம் முன்பு வந்தவர். மகளின் நர்சிங் படிப்புக்காக மறுபடி கிளம்புகிறார். முன்னெல்லாம் அழுதாலும் அனுப்பிவைத்தவளுக்கு இந்த முறை மனம் ஒப்பவில்லை. ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஒன்பது நாள் நவநாள் சொல்லி, 'அவர் போகலாமா, வேண்டாமா? இந்த வருடச் சொல்லில் தெரியப்படுத்தும்' என்று கேட்டிருந்தாள். ஆண்டவர் இருக்கச் சொன்னால் டிக்கெட்டைக் கிழித்துப் போடுகிறேன் என்று அவரும் சிரித்துக்கொண்டே வாக்குக் கொடுத்திருந்தார்.

இப்போது அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பூசையில் முழந்தாளிடவில்லை. வெளியே பனி இன்னும் விலகவில்லை. அவர் சட்டை வேர்வையில் முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது. கிறிஸ்துமஸிலிருந்தே கேஸ் தொல்லை. நேற்றுச் சாப்பிட்ட பிரியாணி வேறு. இடது தோளை நீவியபடியே சீட்டை வாங்கிப் படித்தார்.

சிரிப்பு போய்விட்டது.

"எழுதுனது நீ. வெட்டுனது நீ. மடிச்சதும் நீ. எடுத்ததும் நீயே. இதுல ஆண்டவரு எங்கிட்டு வந்தாரு?"

"நற்கருணைப் பேழை மேல சத்தியமா நான் எழுதலைங்க."

அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பெஞ்சைப் பிடித்து மெதுவாக எழுந்து குடிலுக்குப் போனார். தட்டின் அடிவரைக்கும் கையை விட்டுத் தனக்கு ஒரு சீட்டை எடுத்தார். பிரித்தார். நெற்றியைச் சுருக்கினார்.

தயம்.

அப்படி ஒரு சொல் எந்த அகராதியிலும் கிடையாது. பக்கத்தில் நின்ற உபதேசியார் எட்டிப் பார்த்துவிட்டு, சூசைக்கு மட்டும் அந்நிய பாஷையில் வந்திருக்கிறது என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

பங்குச்சாமியார்தான் இரண்டு சீட்டையும் வாங்கித் தன் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டுமே மற்ற சீட்டுகளில் பாதி அளவுதான். அதை அதுவரை யாரும் கவனிக்கவில்லை. வெட்டிய விளிம்புகள் பிசிறில்லாமல் பொருந்தின.

இருதயம்.

வீட்டுக்கு வீடு சுவரில் திரு இருதயப் படம் மாட்டியிருக்கும் ஊர். யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

"நூத்தி முப்பது சீட்டுல புருசனுக்கும் பொஞ்சாதிக்கும் சேத்து ஒரே இருதயம். இதுக்கு மேல என்னம்மா வேணும் ஒனக்கு?" என்றார் சாமியார்.

எல்லோரும் கை தட்டினார்கள். சூசைமாணிக்கமும் சிரித்துவிட்டார். அவளைச் சந்தேகப்பட்டதற்கு வாய்க்குள்ளேயே ஏதோ மன்னிப்புப் போலச் சொன்னார்.

சலேத்மேரிக்கு வெட்கமாக இருந்தது. ஒன்பது நாள் மன்றாடிப் பெற்றது பாதி வெட்டுப்பட்ட ஒரு சொல். அதைப் போய் உத்தரவு என்று நினைத்தோமே. சாமியாரின் தாளில் 'இருதயம்' இருந்ததா என்று யோசித்துப் பார்த்தாள். நினைவில்லை. கத்தரிக்கோல் எப்போது பிசகியது என்பதும் நினைவில்லை. துணியோ அட்டையோ, நடுவில் வெட்டுகிறோம் என்றால் அவள் கைக்குத் தெரியாமல் போகாது.

போகட்டும். இறங்கிவிட்ட பாரத்தை மறுபடி ஏற்றிக்கொள்ள அவள் விரும்பவில்லை.

போய்விட்டு வாங்க என்று அவரிடம் சொன்னாள். அழாமல் அதைச் சொன்னது பதினாறு வருடத்தில் அதுதான் முதல் தடவை. அவர் தலையசைத்து, இரண்டு சீட்டுகளையும் சேர்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுக்க வெளியே போனார்.

வாசலில் கேக் கொடுத்தார்கள். இருவருக்குமாக இரண்டு துண்டு வாங்கிக்கொண்டு அவள் வேப்பமரத்தடிக்கு வந்தாள்.

அவர் இன்னும் வண்டியை எடுக்கவில்லை. ஒரு கையால் வண்டியின் இருக்கையைப் பிடித்துச் சாய்ந்து நின்றார். மறு கை, சட்டைப் பையை அதிலிருந்த சொல்லோடு சேர்த்து நெஞ்சில் அழுத்திக்கொண்டிருந்தது. கண்கள் மூடியிருந்தன. உதடுகள் அசைந்தன. புத்தாண்டு வாழ்த்துச் சொல்லிக் கடந்தவர்களுக்கு அவர் பதில் சொல்லவில்லை.

இத்தனை வருடத்தில் அவர் இப்படி உருகிச் செபித்து அவள் பார்த்ததில்லை.

கலைக்க வேண்டாம், முடிக்கட்டும் என்று கேக்கோடு சற்றுத் தள்ளியே நின்றாள்.