நர்சின் தோள்கட்டு

பனச்சமூட்டில் ரேடியோ பழுதுபார்த்த தீபுவும் அவன் மனைவி ரேஷ்மியும் ஞாயிறு மத்தியானங்களில் சாப்பாட்டு மேசையில் போர் நடத்துவார்கள். உலகம் அழிந்தபின் மிஞ்சிய இரண்டு கூட்டங்கள் தண்ணீருக்காக அடித்துக்கொள்ளும் விளையாட்டு அது. மச்சினன் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்திருந்தான். அதற்கான குட்டி ஆட்களை இவர்களே ரேடியோக் கம்பியிலும் மெழுகிலும் செய்தார்கள். அவரவர் கூட்டம் அவரவர் பிஸ்கட் டப்பாவில் இருக்கும்.

ஒரு ஞாயிறு தீபுவின் பகடை ரேஷ்மியின் கூட்டத்து நர்சை வீழ்த்திவிட்டது. விழுந்தவர் திரும்ப வரக்கூடாது என்பது விதி. ரேஷ்மி கண்கலங்க அவளை எடுத்து ஜன்னலோரம் கிடத்தினாள்.

அடுத்த ஞாயிறு ரேஷ்மி தன் டப்பாவைத் திறந்தால் நர்ஸ் உள்ளே நின்றாள். தோளில் நகக்கண் அளவுக்கு ஒரு துணிக்கட்டு.

ரேஷ்மி சிரித்தாள். "எனக்க மனசு தாங்காதுண்ணு நீங்க கெட்டி வச்சதாக்கும், இல்லியா?"

"சத்தியமா நான் தொடவே இல்ல, ரேஷ்மி."

துணி ஈரமாக இருந்தது. ரேஷ்மி தன் பழைய சேலையில் ஒரு சிறு துண்டு கிழித்துக் கட்டை மாற்றினாள்.

"மெள்ள கெட்டு, வலிக்கும்" என்றான் தீபு.

அன்று அவர்கள் விளையாடவில்லை.

மறு ஞாயிறு தீபுவின் டப்பா காலியாக இருந்தது. அவனுடைய ஆட்கள் எல்லாரும் ரேஷ்மியின் டப்பாவுக்குள், நர்சைச் சுற்றி, வெளியே பார்த்தபடி காவல் நின்றார்கள்.